ஷோபானின் ஈ மைனர் பிரெலூட்: எந்த வேகம், என்ன சுருதி, சோகப் பாட்டா?

கேள்வி, இசையமைப்பாளர் ஷோபானின் ஓபஸ் 28 என்ற தொகுப்பிலுள்ள 4ஆம் பிரெலூட் (சிறு பியானோத் துண்டு) பற்றியது. 'லார்கோ' (மிக மெதுவாக) என்று போட்டிருக்கிறதே, எவ்வளவு மெதுவாக வாசிப்பது, இதன் உணர்வு வெறும் சோகம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த துண்டு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுருதி ஈ மைனர். ஒரேயொரு ஷார்ப், அது எஃப். மொத்தம் 25 பார் (தாளக் கட்டம்); ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஷோபான் இந்தத் தொகுப்பை 1839இல் வெளியிட்டார். 24 சுருதிக்கும் ஒவ்வொன்றாக 24 பிரெலூட். எதற்குமே மெட்ரோனோம் எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண், எழுதவில்லை. ஆகவே 'சரியான எண்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் தாளக் குறியைக் கவனியுங்கள். 'சீ' எழுத்தின் நடுவே ஒரு கோடு விழுந்திருக்கும். ஒரு பாருக்கு நாலு எண்ணாமல் இரண்டு எண்ண வேண்டும் என்று அர்த்தம். லார்கோ என்றதும் எல்லாரும் நாலாக எண்ணி ஊர்ந்து போகிறார்கள், மூன்று நிமிடம்கூட இழுக்கிறார்கள். கால் நோட்டுக்கு 60 வைத்தால் 100 வினாடியில் முடிந்துவிடும். 50 வைத்தால் இரண்டு நிமிடம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்பது நல்லது என்பது என் கருத்து.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தத் துண்டின் உயிர் இடது கையில் இருக்கிறது. வலது கை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பி, சி, திரும்ப பி. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். இடது கையில் ஒரு பாருக்கு எட்டுத் தடவை அரைக்கால் நோட்டில் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) விழுகிறது. அதன் அடி நோட் ஜியில் தொடங்கி எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று இறங்குகிறது. மேலே உள்ள மற்ற நோட்டுகளும் அதோடு சேர்ந்து இறங்காமல், தங்கள் பாட்டில் முன்பின்னாக இறங்குகின்றன. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு இரணைமடுக் குளம் வற்றுகிற மாதிரி: பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒன்றும் தெரியாது, அணைக்கட்டுக் கல்லில் உள்ள ஈரக்கோடுதான் எவ்வளவு இறங்கிவிட்டது என்று காட்டும். வலது கை பிடித்த அந்த நீண்ட பி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கீழே கோர்ட் மாற வேண்டும். அப்போதுதான் அதே பி வேறு பியாகக் கேட்கும். மிக மெதுவாக வாசித்தால் நீண்ட நோட் செத்துப்போய்விடும், மாற்றம் யார் காதிலும் விழாது.

இங்கே வன்னியில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பழகுவது கீபோர்ட்டில்தான்; நல்ல பியானோ கிடைப்பது அரிது. கீபோர்ட்டை ஓகன் சத்தத்தில் வைத்தால் விரலை எடுக்கும்வரை நோட் குறையவே குறையாது. அதனால் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் பிழை தெரியாது. முதல் வேலையாகச் சத்தத்தைப் பியானோவுக்கு மாற்றுங்கள், பிறகு வேகத்தைத் தேடுங்கள். தொடுகைக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் கீபோர்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. அது இல்லாவிட்டால் இடது கையின் எட்டு கோர்ட்டும் ஒரே கனத்தில் விழுந்து, மேளம் அடிப்பது போலாகிவிடும்.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை வேறு விதமாகச் சொல்வேன். மூன்று கட்டையில், அதாவது ஈயை ஷட்ஜமாக வைத்துச் சுருதி வைத்தால் ஈ மைனரின் ஏழு ஸ்வரமும் நடபைரவி. வலது கை பஞ்சமத்தில் நின்று சுத்த தைவதத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. பிறகு மத்திமம், அப்புறம் ரிஷபம். ஷட்ஜத்தில் வந்து அமர்வது துண்டு முடியப்போகும் நேரத்தில்தான். ஆனால் இதை நடபைரவி ராகம் என்று சொல்லிவிடக் கூடாது. இடது கை ராகத்துக்குள் நிற்பதே இல்லை.

சோகமா என்றால், ஆம். ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது செத்தவீட்டுப் பாட்டோ பிள்ளை?" என்றார். அவருக்கு ஷோபான் யாரென்றே தெரியாது. 1849 ஒக்டோபர் 30ஆம் திகதி பாரிஸ் மடலேன் தேவாலயத்தில் நடந்த ஷோபானின் இறுதிச் சடங்கில் ஓகனில் வாசித்த துண்டுகளில் இதுவும் ஒன்று என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, முழுவதும் முடியும்வரை அங்கேயே நின்றார்.

ஆனால் அழுகை மட்டும் இல்லை. 16ஆம் பாரில் 'ஸ்ட்ரெட்டோ' என்று எழுதியிருக்கிறார், நெருக்கி முன்னே போ என்று பொருள். அடுத்த பாரில் சத்தம் ஃபோர்ட்டேக்கு (உரத்த சத்தத்துக்கு) போகிறது. அங்கே இருப்பது கோபம், அடக்கி அடக்கி வைத்தது வெளியே வருகிறது. தொடக்கத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தவருக்கு இந்த இடத்தில் நெருக்க ஒன்றும் இருக்காது. அதற்காகவும்தான் 50க்குக் கீழே போக வேண்டாம் என்கிறேன்.

கடைசி மூன்று கோர்ட்டுக்கு முன்னால் ஒரு ஓய்வு, அதன் மேல் ஃபெர்மாட்டா (நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி). அங்கே பெடலில் இருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மேடையில் பயத்தில் பிள்ளைகள் இந்த ஓய்வை அவசரமாகக் கடந்துவிடுவார்கள். மனதுக்குள் இரண்டு நீண்ட எண்ணிக்கை எண்ணச் சொல்லிப் பழக்கினால் சரியாகிவிடும்.