மறுக்கும் பையனுக்குச் சிகிச்சையைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகப் புகாருக்குள்ளான 15 வயதுப் பையன் "நான் எதுவும் செய்யல" என்றே நிற்பதால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மறுப்பவன் கட்டாயம் மறுபடி செய்வான் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 106 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016 தொகுப்பாய்வில், பாலியல் குற்றம் செய்த வளரிளம் பருவத்தினரில் மீண்டும் அதைச் செய்ததாகப் பதிவானவர்கள் சுமார் 5 சதவீதம்தான்.

மறுப்புக்குக் காரணம் வீட்டைப் பற்றிய பயமாக இருக்கலாம். பெற்றோரைத் தனியே உட்காரவைத்து, "அவன் ஒத்துக்கிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டுல சேர்க்க மாட்டேன்" என்று பதில் வந்தால், முதல் வேலை அவர்களிடம்தான். வழக்கு நடக்கிறது என்றால் வக்கீலே பேசாதே என்று சொல்லியிருக்கலாம். அதை மறுப்பாக எழுதிவைக்காதீர்கள்.

பையனிடம் இப்போதைக்குச் சம்பவத்தை விடுங்கள். சம்மதம், கோபம், தனிமை, ஆபாசப் படங்கள் பற்றிப் பேசுங்கள். "இப்படிச் செய்யுற ஒருத்தன் அதுக்கு முன்னாடி தனக்குத்தானே என்ன சொல்லிக்குவான்?" என்று மூன்றாம் ஆளாகக் கேட்டால் பலர் வாய் திறப்பார்கள். அதட்டி வாங்கும் ஒப்புதலால் பயனில்லை.

ஆனால் பாதுகாப்புத் திட்டம் ஒப்புதலுக்காகக் காத்திருக்கக் கூடாது. சிறு குழந்தைகளோடு தனியாக விடக் கூடாது, தூங்க வேறு அறை, எந்த நேரம் யார் கண்காணிப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பாதிக்கப்பட்ட குழந்தை அதே வீட்டில் இருந்தால், அக்குழந்தையின் ஆலோசகர் சரி என்று சொல்லும்வரை சந்திப்பே வேண்டாம். எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதைப் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுபடி செய்யும் அபாயத்தை மதிப்பிடப் பெரியவர்களுக்கென உருவாக்கிய மதிப்பீட்டுப் படிவங்கள் இவனுக்குப் பொருந்தாது. வளரிளம் பருவத்துக்கானதையே எடுத்து, 6 மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பியுங்கள்.