அமுக்கிரா நடலாமா, அம்மாவின் நித்திரைக் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் 6 பரப்புச் செம்மண் தோட்டம் இருக்கிறது. இவ்வளவு காலமும் புகையிலையும் மிளகாயும்தான், இடையில் வெங்காயம். புகையிலையை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன். அமுக்கிராவுக்கு, அதாவது அஸ்வகந்தாவுக்கு, நல்ல விலை இருக்கிறதாம். 2 பரப்பில் போட்டுப் பார்க்கலாமா? அம்மாவுக்கு 71 வயது. பல வருடமாக நித்திரைக் குளிசை போடுகிறா. வீட்டில் விளைந்த அமுக்கிராவையும் வல்லாரையையும் கொடுத்துக் குளிசையை நிறுத்தலாமா? தோட்டத்துக்கு மருந்தடிக்கிற நாட்களில் எனக்கும் நித்திரை சரியாக வருவதில்லை. வேறு என்ன மூலிகை நடலாம்?

பதில்: தம்பி, தோட்டத்தைப் பிறகு பார்ப்போம். அம்மாவின் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுதான் முதல் விஷயம்.

நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற குளிசைகளில் டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலாம் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றை மாதக் கணக்கில் போட்டு வந்தவர்களின் உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று விட்டால் முன்பு இருந்ததை விட மோசமாக நித்திரை கெடும், கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டார், “பார், குளிசை இல்லாமல் இவவால் இருக்க முடியாது” என்று முடிவு கட்டி, பழையபடி கூடுதலாகக் கொடுத்து விடுகிறார்கள். குறைப்பதென்றால் வைத்தியர்தான் வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில், படிப்படியாகக் குறைப்பார். 71 வயதில் குறைப்பது நல்லதும்தான். இந்தக் குளிசைகள் வயதானவர்களின் உடம்பில் கன நேரம் தங்கும், இரவில் எழும்பிக் கிணற்றடிக்குப் போகையில் தள்ளாடி விழுத்தும். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழும்புவது கஷ்டம். ஆகவே கிளினிக் கொப்பியையும், வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், “இதைக் குறைக்கலாமா?” என்று நேராகக் கேளுங்கள். பிரஷர் குளிசை, நீரிழிவுக் குளிசை எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

குளிசைக்கு மேலே அமுக்கிராவையும் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும். அமுக்கிரா தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது. சர்க்கரையையும் பிரஷரையும் இறக்கக்கூடியது. ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்களும் பதிவாகியுள்ளன. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. டென்மார்க் 2023ஆம் ஆண்டில் அதை உணவுப்பொருட்களில் சேர்ப்பதையே தடை செய்தது. அதற்காக அமுக்கிரா கெட்டது என்று நான் சொல்லவில்லை. மன அழுத்தத்திலும் நித்திரையிலும் ஓரளவு பலன் தெரிந்ததாகச் சில வாரங்கள் நடந்த சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சித்த மருத்துவத்தில் அமுக்கிராச் சூரணத்துக்கு நெடுங்கால இடம் உண்டு. ஆனால் அது ஒரு மருந்து. கொடுப்பதென்றால் கைதடியில் இருக்கிற சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில், அம்மா போடுகிற மற்றக் குளிசைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் கிளறி எடுத்து, மாவாக்கி, கண்மட்டத்துக்குப் பாலில் போட்டுக் கொடுக்கிற சாமான் அல்ல.

சரி, இனித் தோட்டம்.

அமுக்கிரா விஷயத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லியிராத ஒன்று இருக்கிறது. அது புகையிலை, மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. புகையிலைக்குப் பதிலாக அதே தறையில் அமுக்கிரா என்றால் மண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. மண்ணில் இருக்கிற நோயும் புழுவும் அப்படியே இதிலும் ஏறும். எனக்குப் பெரிய பயம் வட்டப்புழுதான். வேரை விற்பதற்காக வளர்க்கிற பயிரில், வேரிலேயே முடிச்சு விழுந்தால் என்ன செய்வது?

நாளைக்குக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். தறையின் நான்கு மூலையிலும் நடுவிலும் நிற்கிற மிளகாய்க் கன்றுகளில் வாடலாக, வளர்ச்சி குறைந்து நிற்பவற்றைப் பார்த்து, இழுக்காமல் மண்வெட்டியால் மண்ணோடு கிளப்புங்கள். இழுத்தால் சல்லிவேர் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடியுங்கள். வேரோடு வேராகப் பருத்த முடிச்சுகள், கோத்த மணிகள் மாதிரி வரிசையாக இருந்தால் அது வட்டப்புழு. பயறு, சணல் வேரில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, விரலால் தட்டினால் கழன்று விழுகிற உருண்டைகள் வேறு. அவை நல்லவை, அதோடு குழப்ப வேண்டாம்.

முடிச்சு இருந்தால் இந்த வருடம் அந்தத் தறையில் அமுக்கிரா வேண்டாம். சணல் விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுங்கள். எங்கள் பெரியவர்கள் தழைப்பசளைக்குச் சணல் போட்டார்கள். அதே சணல் வேர்முடிச்சு வட்டப்புழுவையும் குறைக்கிறது என்பது கூடுதல் லாபம். அதற்குப் பிறகு வெங்காயம் அல்லது குரக்கன், எள்ளு. அமுக்கிராவை அடுத்த வருடம் பார்க்கலாம். முடிச்சு இல்லையென்றால், கடைசியாக வெங்காயம் நின்ற துண்டைத் தெரிவு செய்யுங்கள். புகையிலை நின்ற துண்டு வேண்டாம்.

மண்ணைப் பொறுத்தவரை உங்களுக்கு யோகம்தான். கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிற மண், தண்ணீர் நிற்காது. அமுக்கிரா விரும்புவது அதைத்தான், சற்றுக் காரத்தன்மையையும் அது தாங்கும். அதற்கு ஆகாதது நின்ற தண்ணீர். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மழையில் நேரே விதைத்தால் நாற்றழுகல்தான் மிஞ்சும். நவம்பர் நடுப்பகுதியில் மேட்டுப்பாத்தியில் நாற்று விட்டு, கனத்த மழைக்கு மேலே மறைப்புப் போட்டுக் காப்பாற்றி, 5 அல்லது 6 கிழமைக் கன்றாக மழை தணிந்ததும் ஜனவரித் தொடக்கத்தில் நடுங்கள். 2 பரப்புக்கு 250 கிராம் விதை போதும். ஒரு வருடத்துக்கு மேல் பழைய விதையை வாங்க வேண்டாம், முளைப்பு விழுந்துவிடும். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், கன்றுக்குக் கன்று 30.

பசளையில்தான் புகையிலைக்காரர் கை நிற்காது. யூரியா கொட்டினால் இலை செழித்து நிற்கும், வேர் வராது. அடியில் மக்கிய எரு நன்றாகப் போடுங்கள், அவ்வளவு போதும். இறைப்பும் அப்படித்தான். கன்று பிடிக்கும் வரை அடிக்கடி, அதன் பிறகு மண் காய்ந்த பிறகே இறைக்க வேண்டும். கடைசி மாதத்தில் நிறுத்தியே விடலாம்.

கத்தரியில் இலையைச் சல்லடையாக்குகிற புள்ளி வண்டு இதிலும் வரும். காலையில் வெயில் ஏறுமுன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக இருக்கும். இலையோடு கிள்ளி நசுக்குங்கள். மீறினால் வேப்பங்கொட்டைச் சாறு. மருந்துக்குப் போகிற வேருக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். நோயாளி ஒருவர் அதைத்தான் குடிக்கப் போகிறார்.

விதைத்து 150 தொடக்கம் 180 நாளில் கீழ் இலைகள் காய்ந்து, மெல்லிய தோலுக்குள் இருக்கிற பழம் செம்மஞ்சளாகும். அப்போது கிளப்பலாம். வேரைத் தண்டிலிருந்து வெட்டிக் கழுவி, 7 முதல் 10 சென்ரிமீற்றர்த் துண்டாக்கிக் காய வையுங்கள். வடிவாகக் காய்ந்த துண்டை ஒடித்தால் சடக்கென்று உடையும், உள்ளே வெள்ளையாக மாப்பிடிப்பாக இருக்கும். வளைந்து நாரிழுத்தால் காய்ச்சல் போதாது, அல்லது கிளப்பப் பிந்தி வேர் முற்றிவிட்டது. வெட்டிய இலை தழையை ஆட்டுக்குப் போடாதீர்கள்.

இனிக் காசு. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து நீமச், மந்தசோர்ப் பக்கம்தான் அமுக்கிராவுக்குப் பேர்போனது. நல்ல செய்கையில் அங்கே ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ உலர்ந்த வேர் கிடைக்கிறது. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் உங்கள் 2 பரப்பு என்பது ஹெக்டேரில் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் 15 முதல் 25 கிலோ. வரப்பு, வாய்க்கால் போக 2,500 கன்று நின்றாலும் ஒரு கன்றுக்குக் கிட்டத்தட்ட 8 கிராம் உலர்வேர்தான். ஆறு மாதம் காணியை மறித்து நிற்கிற பயிருக்கு இது எவ்வளவு என்று நீங்களே வெங்காயத்தோடு வைத்துப் பாருங்கள். வாங்குகிற மருந்துச் சாலையிடம் முன்கூட்டியே கதைத்து, என்ன தரம், கிலோ என்ன விலை என்று எழுத்தில் வாங்காமல் விதை வாங்கப் போக வேண்டாம். என் அபிப்பிராயம் கேட்டால், முதல் வருடம் அரைப் பரப்புப் போதும்.

வல்லாரைக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் கட்டுக்கட்டாகப் போகிற சாமான். வாழைக்குக் கீழே நிழல் இருக்கிற இடத்தில், ஓடுகொடியில் வேர் விட்ட கணுக்களை வெட்டி ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் வெட்டு, பிறகு 4 முதல் 6 கிழமைக்கு ஒரு தடவை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பல வீடுகளில் வல்லாரைப் பாத்தி கிணற்றடிக் கழிவு வாய்க்காலில்தான் இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரும், பக்கத்து மலக்குழிக் கசிவும் போகிற இடத்து இலையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். நல்ல தண்ணீர் பாய்கிற இடத்துக்கு மாற்றுங்கள். வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து படுகிற தூரத்திலும் வேண்டாம். இதற்கும் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு இறங்கும். எங்கள் கிணறுகள் பலவற்றில் அது ஏற்கெனவே குடிதண்ணீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்கிறது.

அம்மா வல்லாரைச் சம்பலோ வறையோ சோற்றோடு சாப்பிடலாம், அது நல்ல கீரை. நித்திரைக் குளிசையின் இடத்தை அது பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மற்றச் செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நித்திரைக்கு என்று வெளிநாட்டில் விற்கிற வலேரியன், கமோமில் இரண்டும் குளிர்ப் பயிர்கள், எங்கள் வெயிலில் வீண் செலவு. கொடித்தோடை இலையைக் கஷாயம் வைத்தால் நித்திரை வரும் என்று சிலர் நம்புகிறார்கள். மருந்துக்கு எடுப்பது பாசிஃபுளோரா இன்காநேட்டா என்ற அமெரிக்க இனம். நாங்கள் பழத்துக்கு வளர்ப்பது வேறு, வேலியில் படர்கிற சிறுபூனைக்காலியும் வேறு. இவை இரண்டின் இலையிலும் சயனைட்டை விடுவிக்கும் பொருட்கள் உண்டு, அவித்துக் குடிக்க வேண்டாம். சர்ப்பகந்தி சாதாரண மூலிகை அல்ல. அதன் வேரிலிருந்து 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு, பிரஷருக்கும் மனநோய்க்கும் உலகெங்கும் கொடுக்கப்பட்டது. பிரஷரை ஒரேயடியாக இறக்கும், மனச்சோர்வையும் கொண்டுவரும். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. ஊமத்தையை யாராவது சொன்னால் அந்த ஆளோடு கதையையே நிறுத்துங்கள். அதில் வருவது நித்திரை அல்ல, நஞ்சேறிய மயக்கம்.

கடைசியாக உங்கள் நித்திரை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மருந்தடிக்கிற நாட்களில் மட்டும் நித்திரை கெடுகிறது என்றால் மூலிகை தேடாதீர்கள். ஒகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து தோலாலும் மூச்சாலும் உடம்பில் சேர்ந்தால் நித்திரையின்மையும் பதற்றமும் தலையிடியும் வரும். அதிக வியர்வை, வாயூறல், கண் மங்கல், சதைத் துடிப்பும் சேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், போகையில் மருந்துப் போத்தலின் லேபிளையும் கொண்டு போங்கள். ஈரப் புகையிலையை வெறுங்கையால் முறிக்கிற நாட்களில் வருகிற தலைச்சுற்றும் சத்தியும் நிக்கொட்டின் தோலால் ஏறுவதால் வருவது. முழுக்கைச் சட்டை, கையுறை, காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது, வீட்டுக்குள் கால் வைக்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது, அடித்த உடுப்பை வீட்டாருடைய உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோய்ப்பது. இவ்வளவையும் அடுத்த தடவை செய்து பாருங்கள். இப்போது அடிக்கிற மருந்துகளின் பெயரையும் எத்தனை நாளுக்கு ஒரு தடவை அடிக்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போனால், எதை விடலாம், எதைக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்வார்.