ரிமோட் லாரிக்கு எந்தத் திருகாணி?

கேள்வி: என்னிடம் ஜப்பானியத் தயாரிப்பான 1/14 அளவு ரிமோட் டிரெய்லர் லாரி உள்ளது. அடிக்கடி கழற்றி மாட்டியதில் பல திருகாணிகளின் தலைப்பள்ளம் தேய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலன் (தலையில் அறுகோணப் பள்ளமுள்ள) திருகாணிகளாக மாற்றலாமா? நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. திருகாணி உலோகத்தில் இறங்குகிறதா, பிளாஸ்டிக்கிலா என்பதை முதலில் பாருங்கள்.

அலுமினியச் சட்டத்தில் நட்டுடன் நிற்கும் 3 மி.மீ. திருகாணிகளைத் தயங்காமல் மாற்றலாம். ஈரத்தில் ஓட்டுபவருக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது என்றாலும், ஏ2-70 என்ற ஸ்டெயின்லெஸ் தரத்தின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல்தான்; 12.9 தரக் கறுப்பு எஃகுக்கு அது 1,220 என்பதால், அச்சு, சஸ்பென்ஷன் போன்ற பளு தாங்கும் இடங்களுக்கு நான் பின்னதையே பரிந்துரைப்பேன். உருளைத் தலைக்கு 2.5 மி.மீ. அலன் கீ பொருந்தும். குமிழ்த் தலைக்கும், பரப்போடு சமமாக உள்ளே அமரும் பதிதலைக்கும் 2 மி.மீ. கீதான் என்பதால் அவற்றின் பள்ளம் விரைவில் உருண்டுவிடும். பதிதலைத் திருகாணியின் நீளம் தலையையும் சேர்த்தே அளக்கப்படுகிறது என்பதை வாங்கும்போது மறக்க வேண்டாம்.

கியர் பெட்டி போன்ற பிளாஸ்டிக் பகுதிகளில் பிடிப்பு பிளாஸ்டிக்கில் பதிந்த அகன்ற மரையில்தான் இருக்கிறது. அங்கே நெருக்கமான மரையுள்ள திருகாணியை இறக்கினால், அது பழைய மரையைக் குறுக்காக அறுத்துத் துளையையே கெடுத்துவிடும். ஆகவே அதே வகைத் தன்மரைத் திருகாணியையே (தானே மரை வெட்டிக்கொண்டு இறங்குவது) வாங்குங்கள். மீண்டும் மாட்டும்போது, முதலில் இடப்புறமாகச் சுழற்றி, அது பழைய மரையில் 'டக்' என்று விழுந்த பிறகே இறுக்க வேண்டும். திருகாணி தளராமலிருக்க மரையில் தடவும் மரைப்பசை உலோகத்துக்கு மட்டுமே. சில பிளாஸ்டிக்குகளை அது விரிசலடையச் செய்யும். கூட்டல் குறி வடிவப் பள்ளங்கள் தேய்ந்ததற்கு, ஜப்பானிய அளவுக்கு ஒத்துவராத சாதாரண ஸ்க்ரூ டிரைவர் காரணமாக இருக்கலாம், ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) முனையுள்ளதைப் பயன்படுத்துங்கள்.

நீளத்தை வெட்டுவதில் தவறில்லை. வெட்டும் முன் ஒரு நட்டை ஏற்றிவைத்து, வெட்டிய முனையை அரத்தால் சாய்வாகத் தேய்த்த பின் நட்டைக் கழற்றினால், நசுங்கிய மரை அதனாலேயே சீராகும். மோட்டாரைப் பிடிக்கும் திருகாணிகளில் மட்டும் நீளத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். அவை அளவுக்கு மீறி உள்ளே நீண்டால் சுருளில் உரசி மோட்டாரையே கெடுத்துவிடும்.