கடகடக்கும் பேஸ் பெட்டி: 9,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும், சீசன் நாட்களில் இங்குள்ள விடுதிகளிலும் பேஸ் கிதார் வாசிக்கிறேன். அதில்தான் பிழைப்பு. எட்டு மாதத்துக்கு முன் சேலத்தில் ஒரு கடையில், பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டும் உச்ச சுரங்களுக்கான ஒரு ஹார்னும் வைத்த பெட்டியைப் புதிதாக வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. இரண்டு மாதமாக அதில் கடகடவென்று ஒரு சத்தம். ஏ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை (கிதார் கழுத்தில் உள்ள உலோகப் பட்டை) பிடித்தால்தான் பெரிதாகக் கேட்கிறது. வால்யூமைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனேன், அங்கேயும் கடகடத்தது. "ஓவர்லோடு குடுத்திருக்கீங்க, காயில் போச்சு, இதுக்கு வாரண்டி வராது, ரெண்டு ஸ்பீக்கருக்கும் கோன் மாத்த 9,000 ஆகும்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் காயில் போன ஸ்பீக்கருக்குப் பொருந்தவில்லை. கோன் என்பது ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு. வாய்ஸ் காயில் என்பது அதன் பின்னால் ஒட்டி, காந்தத்துக்குள் ஆடும் கம்பிச் சுருள்.

வாய்ஸ் காயில் கருகியோ கோணியோ காந்தத்தில் உரசினால், சத்தம் 'கடகட' என்று வராது. மணல் தாளைத் தேய்ப்பது போல 'சர் சர்' என்று வரும். எந்தக் கம்பியைத் தொட்டாலும் வரும், மெதுவாக வாசித்தாலும் வரும். உங்கள் பெட்டியோ ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் ஆடுகிறது. டவுன் பஸ் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போகும்போது மட்டும் ஏதோ ஒரு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்குமே, அதே சங்கதிதான். ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட் சி சுரம், நொடிக்கு சுமார் 65 அதிர்வு. அந்த அதிர்வுக்குக் கூடவே ஆடும் ஏதோ ஒன்று உங்கள் பெட்டியில் லூஸாக இருக்கிறது.

அதற்கும் முன்னால் கிதார்மேல் சந்தேகம் தீர வேண்டும். அதே சி சுரம் தடித்த ஈ கம்பியின் எட்டாவது ஃபிரெட்டிலும் இருக்கிறது. அங்கே பிடித்து வாசியுங்கள். அப்போதும் கடகடத்தால் குற்றவாளி பெட்டி. அங்கே சுத்தமாக வந்தால் கம்பி ஃபிரெட்டில் இடிக்கிறது, பெட்டியைத் தொடவே வேண்டாம். கடையிலும் கடகடத்தது என்பதால் உங்கள் அறையின் ஜன்னலும் தகரக் கூரையும் தப்பித்தன. இல்லாவிட்டால் அவற்றைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் இருக்கும் ஸ்னேர் டிரம்மின் கம்பிகள் பேஸுக்குக் கூடவே இரைந்து, பாவம், எத்தனையோ ஸ்பீக்கர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன.

இப்போது தேடலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) இணைத்து, 65க்குப் பக்கத்தில் மெல்ல நகர்த்துங்கள். கடகடப்பு உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். காது கூசும் அளவுக்கு வைக்க வேண்டாம், நெடுநேரமும் ஓட்ட வேண்டாம். ஒருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் பெட்டியின் ஒவ்வொரு உறுப்பையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்: பக்கவாட்டுக் கைப்பிடி, முன் கிரில், மூலைத் தகடு, பின்னால் ஜாக் பொருத்திய தட்டு, அடியில் உள்ள சக்கரம். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். கம்பெனி பெயர் பொறித்த சின்னப் பட்டையை மறக்காதீர்கள். நான் ஒரு முறை கோன் மாற்றக் காசு கொடுத்துவிட்டு, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே சத்தம் கேட்டு, கடைசியில் அந்தப் பட்டையின் ஒரு ஆணி கழன்றிருந்ததைக் கண்டுபிடித்தேன். காசு திரும்பி வரவில்லை.

ஹார்னுக்குத் தனி வால்யூம் திருகு இருந்தால் அதைச் சுத்தமாகக் குறைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு அங்கே. அப்புறம் ஆம்பை அணைத்துவிட்டு, பெட்டியை விரல் மடக்கி எல்லாப் பக்கமும் தட்டுங்கள். பானை வாங்கும்போது தட்டுவோமே, அப்படி. ஒட்டு விட்ட பலகை வேறு குரலில் பேசும். பெட்டியைச் சாய்த்தால் உள்ளே ஏதாவது உருள்கிறதா என்றும் கேளுங்கள்.

சத்தம் கடகடப்பாக இல்லாமல் 'புஸ்' என்று காற்று போவதுபோல இருந்தால் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, டோன் ஓடும்போது ஜாக் தட்டு, பலகை இணைப்பு ஓரமாக மெல்லக் கொண்டுபோங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே காற்று கசிகிறது. கோன் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். காற்றுக்காகவே பெட்டியில் விட்டிருக்கும் போர்ட் ஓட்டையில் காற்று வரத்தான் செய்யும், அது கோளாறு இல்லை.

உங்கள் பெட்டி மாதம் எத்தனை முறை வண்டியின் பின்னால் ஏறி 20 கொண்டை ஊசி வளைவைக் கடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கடந்தால் திருகுகள் தளர்வதில் அதிசயம் இல்லை. போதாததற்கு மலை மேல் மூடுபனி. ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், திருகின் பிடி விடும்.

சரி செய்வது பெரும்பாலும் சில்லறை வேலை. தளர்ந்த திருகை இறுக்குங்கள். ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள திருகுகளை வரிசையாக இறுக்காமல், கார் சக்கர நட்டு போல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரொம்ப முறுக்கினால் ஃபிரேமே கோணிக்கொள்ளும். காந்தம் ஸ்க்ரூ டிரைவரை வெடுக்கென்று இழுக்கும், நுனி கோனில் பாய்ந்தால் 9,000 செலவு நிஜமாகவே வந்துவிடும். அதனால் இன்னொரு கையைக் கோனுக்கு மறைப்பாக வையுங்கள். மரத்தில் ஓட்டை பெரிதாகித் திருகு சும்மா சுற்றினால், மருந்து கிள்ளிய தீக்குச்சி இரண்டை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி திருகலாம். கிரில்லுக்கும் கைப்பிடிக்கும் அடியில், ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப் போதும்.

காயில் விஷயத்தை நீங்களே சோதிக்கலாம், பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, அதன் முனையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தால் மீட்டர் 6க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், 4 ஓம் என்றால் 3க்குப் பக்கத்தில். போட்டிருப்பதைவிட நிறையக் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோதான் காயிலோ ஒயரோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து கிரில்லைக் கழற்றி, இரு கட்டைவிரலையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து, நேராக, மெல்ல அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பினால் காயில் உரசவில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி காயில் போனது என்று கடைக்காரர் சொல்வதுதான் எனக்கு முதலிலேயே உறுத்தியது.

வாரண்டி காலம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. ஆகவே ஸ்பீக்கரை வெளியே எடுக்காதீர்கள், "நீங்க திறந்துட்டீங்க" என்று கை விரிக்க அது காரணமாகிவிடும். வெளித் திருகுகளை இறுக்குவதோடு நிறுத்துங்கள். அதில் சரியானால் கதை முடிந்தது. ஆகாவிட்டால் மீட்டர் காட்டும் எண்ணையும் அந்தச் சத்தத்தையும் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், எந்த ஸ்பீக்கரில் என்ன கோளாறு, ஓவர்லோடு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ரிப்பேர் சீட்டான ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் ஓவர்லோடு என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதைப் பேனாவால் எழுதமாட்டார்கள்.

எழுதவும் மாட்டேன், சரிசெய்யவும் மாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. "நீங்க காசுக்கு வாசிக்கிறீங்க, இது வியாபாரம், நீங்க நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. எனவே மனுவில் அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆர்கெஸ்ட்ராவை நிறுத்திவிட்ட ஒருவர் 15 அங்குல பேஸ் பெட்டியை விற்கிறார். கையே வைக்கவில்லை, ஒரிஜினல் ஸ்பீக்கர் என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் கிதாரையே கொண்டுபோங்கள். திறந்த ஈ கம்பியில் தொடங்கி, ஒரு ஃபிரெட்டையும் விடாமல், மேடையில் வைக்கும் சத்தத்தில் வாசியுங்கள். உங்களுடையது ஐந்து கம்பி என்றால் பி கம்பியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அது நொடிக்கு சுமார் 31 அதிர்வு, ஈ கம்பிக்கு 41. ஈ வரை சமாளிக்கும் பல பெட்டிகள் பி வந்ததும் கோன் வெளியே வந்து விழுகிற மாதிரி படபடக்கும்.

ஸ்பீக்கர் திருகுத் தலைகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா பாருங்கள், உரிந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அடிப்பக்க மூலைகளை நகத்தால் அழுத்துங்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை தண்ணீர் குடித்திருந்தால் உப்பி, மெத்தென்று இருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, விட்டுவிடுங்கள்.

கடை வைக்காத தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. ஆகவே "ஸ்பீக்கர் மாற்றவில்லை, ரிப்பேர் செய்யவில்லை" என்று தேதியோடு இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கும்போது ஏதாவது கடகடத்து, அது வெறும் கைப்பிடிதான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், விலை பேசி முடிக்கும் வரை முகத்தில் காட்டிக்கொள்ள வேண்டாம்.