இறக்குமதித் துணியால் வேலை போன தையல் தொழிலாளிக்கு அரசு உதவி உண்டா?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் இருந்ததாமே, நம் நாட்டில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருந்தது உண்மைதான். 1962-இல் கொண்டுவந்தார்கள். இறக்குமதியால் வேலை போனவருக்கு வேறு தொழில் பயிற்சியும், பயிற்சிக் காலத்துக்குப் படியும் கொடுத்தார்கள். 2022 ஜூலையோடு புது மனு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இங்கே இறக்குமதி என்ற காரணத்துக்காகத் தருகிற உதவி எதுவும் இல்லை. ஆனால் வேலை போனவருக்கு இ.எஸ்.ஐ.யில், அதாவது சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற தொழிலாளர் காப்பீட்டில், பணம் உண்டு. எனக்கு வர வேண்டிய அந்தப் பணம் ஒரு கையெழுத்தால் போனது. நீங்கள் திருப்பூர்ப் பக்கம் ஏதோ ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலையில் இருப்பவர் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தொண்டிக்குப் பக்கத்தில் கடற்கரைக் கிராமம். அண்ணன் கடலுக்குப் போகிறவர். கல்யாணம் முடிந்து நானும் வீட்டுக்காரரும் திருப்பூர் போனோம். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகச் சேர்ந்தேன், ஒரே வருடத்தில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் ஒன்பது வருடம். எங்களுடையது உள்நாட்டு ஆர்டர், வடநாட்டுக் கடைகளுக்கு டி-ஷர்ட்டும் பிள்ளைகள் உடுப்பும். வங்கதேசத்து உடுப்புக்கு 2011-இலேயே வரியை எடுத்துவிட்டார்கள். எங்கள் முதலாளி சொன்ன விலைக்கும் கீழே அதே டி-ஷர்ட் கடைக்கு வந்து இறங்கியது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள், கடைசியில் இரண்டு நாள். வங்கதேசத்துப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2013-இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்துக்கும் மேல் செத்தார்களே, அவர்களும் என்னைப் போல மிஷின் முன்னால் உட்கார்ந்தவர்கள்தான்.

2023-இல் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போடும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். "கையெழுத்துப் போட்டால் போனஸும் சேர்த்து இன்றைக்கே வாங்கிக்கலாம்" என்றார் மேனேஜர். தாளில் என்ன இருந்தது? "சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன்." படித்துப் பார்த்துத்தான் போட்டேன், படிக்காமல் ஏமாந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மறுவாரம் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. செக்கிங்கில் இருந்த கமுதி அக்கா ஒருவர் மட்டும், "எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இல்லீங்க, நீங்கதானே நிறுத்துறீங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் போனஸ் பத்து நாள் தள்ளி வந்தது, அவ்வளவுதான்.

பிற்பாடுதான் அவர் சொல்லித் தெரிந்தது, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று இ.எஸ்.ஐ.யில் ஒன்று இருக்கிறது என்று. 2018-இல் தொடங்கியது. இரண்டு வருடம் சந்தா கட்டியவருக்கு வேலை போனால், சராசரி தினச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், ஆயுளில் ஒரு முறை. என் சராசரி 480 ரூபாய். பாதி 240, தொண்ணூறு நாளுக்கு 21,600. நானும் மனுப் போட்டேன். கம்பெனி பதிவில் 'தானே விலகினார்' என்று இருந்ததால் திரும்பி வந்தது. அலுவலகத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தாளில் இருப்பதைத்தானே அவர்கள் பார்க்க முடியும். ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடும் சட்டப்படி வந்திருக்கும். ஒன்பது வருடத்துக்கு 64,800 ரூபாய். அதுவும் அந்தக் கையெழுத்தோடு போயிற்று. பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் கிடைத்தது. ஐந்து வருடம் முடித்தவர் தானே விலகினாலும் அதற்கு உரிமை உண்டு. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் அரசாங்கமே பணம் கொடுக்குமா என்று கேட்கிறவர்கள் வருவார்கள். மாதாமாதம் என் சம்பளத்தில் முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம் (2019 ஜூலைக்கு முன்னால் இரண்டும் இதைவிட அதிகம்) என்று அந்த இ.எஸ்.ஐ.க்குக் கட்டியிருக்கிறோம். இது தானம் இல்லை. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்குத் தருகிற நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கினார்கள். டீசல் விற்கிற விலைக்கு அண்ணனுக்கு அது காணாது, அவர் வாங்குவதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடலை மூடியது அரசாங்கம், அதனால் கொடுக்கிறது. துணிக்கு வரியை எடுத்ததும் அதே அரசாங்கம்தானே? 2025 மே மாதம் வங்கதேச உடுப்பு தரைவழியே வரக்கூடாது, கொல்கத்தா, மும்பைப் பக்கத்து நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்றார்கள். நான் ஊர் திரும்பி அதற்குள் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

    

சரி, உங்கள் விஷயம். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுத்துகிறோம் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், கடைசியாக வேலை பார்த்த தேதியைப் போட்டு நீங்களே ஒரு கடிதம் எழுதி, கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. திட்டத்தை அவ்வப்போதுதான் நீட்டிக்கிறார்கள், இப்போது அமலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வேலை போய் 30 நாள் ஆனதும் ஆதார், வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகம் போங்கள். கமுதி அக்கா அப்படித்தான் போனார், அவருக்கு 90 நாள் பணமும் முழுசாக வந்தது.