சாயும் கம்பம், நெளியும் படம்: ரோலிங் ஷட்டர் கேள்வி பதில்

வீடியோ எடுக்கும் வாசகர்கள் இந்த முறை அனுப்பியவற்றில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்தப் பகுதியை ரோலிங் ஷட்டருக்கே, அதாவது கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் சாய்வுக்கும் நெளிவுக்குமே ஒதுக்கிவிட்டோம்.

கே: ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாக எடுத்த வீடியோவில் மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்தே தெரிகின்றன. ஷட்டர் ஸ்பீடை 1/50-லிருந்து 1/1000-க்கு ஏற்றியும் மாறவில்லை. கேமராவில் பழுதா? (வாசகர், கோவில்பட்டி)

ப: பழுது இல்லை. வீடியோ ஓடும்போது டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி மேலே தூக்கியபடியும், ஷட்டர் திரை திறந்தபடியும் இருக்கும். வெளிச்சத்தை அளந்து எடுப்பது முழுக்க சென்சாரின் வேலை. இந்தக் கேமராக்களில் இருக்கும் சிமாஸ் வகைச் சென்சார் ஒரு பிரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப்படத்தை, மொத்தமாகப் படிக்காது. மேல்வரியில் தொடங்கி வரிவரியாகக் கீழே இறங்கும். ஒரு கேமரா மேலிருந்து கீழ்வரை படிக்க 25 மில்லி நொடி எடுக்கிறது என்றால், 1080 வரிகளில் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் சுமார் 23 மைக்ரோ நொடி இடைவெளி. கம்பத்தின் தலையைப் படித்து அடிக்கு வருவதற்குள் கம்பம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் ரயில் போகும் திசையிலேயே எல்லாக் கம்பங்களின் தலையும் சாய்கிறது.

ஷட்டர் ஸ்பீடு இதை மாற்றாது. 1/1000 என்று வைத்தால் ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை எடுக்கும் அந்த 25 மில்லி நொடி அப்படியே இருக்கும். சொல்லப்போனால் 1/1000-இல் விளிம்பு கூர்மையாகி, சாய்வு இன்னும் பளிச்சென்று தெரியும். 1/50-க்கே திரும்புங்கள். ஜன்னலுக்கு நேர் வெளியே பார்க்காமல் முன்பக்கமோ பின்பக்கமோ சரிவாகப் பாருங்கள். அகலமான லென்ஸ் போடுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்களை விட்டுத் தூரத்துக் காட்சியைப் பிடியுங்கள். அருகில் உள்ளவைதான் பிரேமைச் சீக்கிரம் கடக்கின்றன, அவைதான் அதிகம் சாய்கின்றன.

கே: என் கேமரா படிக்க எத்தனை மில்லி நொடி எடுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையேட்டில் இல்லை. (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: இந்த ஒரு எண் தெரிந்தால் மற்ற எல்லாம் கணக்குதான். வீட்டிலேயே அளக்கலாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒன்று வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். அதாவது 10 மில்லி நொடிக்கு ஒருமுறை. எலெக்ட்ரானிக் சோக் போட்ட விளக்கு இதற்கு ஆகாது, அது மிக வேகமாகத் துடிப்பது. மலிவான எல்இடி பல்புகளில் சில உதவும்.

இரவில் வேறு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பிரேம் முழுக்க நிரப்புங்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/1000 அல்லது 1/2000, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400-க்கு மேல். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 100-ஐ 25 மீதியில்லாமல் வகுக்கும் என்பதால் பட்டைகள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும். 30 பிரேமில் எடுத்தால் உருண்டுகொண்டே இருக்கும், அளப்பது கஷ்டம். ஒரு பட்டையின் நடுவிலிருந்து அடுத்த பட்டையின் நடுவரை உள்ள தூரம், படத்தின் உயரத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். 0.4 பங்கு என்றால் 10 வகுத்தல் 0.4, அதாவது 25 மில்லி நொடி.

1080, 4கே, 50 பிரேம், கிராப் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படிப்பது) என்று ஒவ்வொரு முறையிலும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். ஒரே கேமராவில் இவை வெவ்வேறாக இருக்கும். பழைய முழு அளவு சென்சார் டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் 20 முதல் 30 வரை வரும். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கொண்ட சில மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராக்களில் 4கே எடுக்கும்போது 35-ஐத் தாண்டும்.

கே: கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிக் கோயில் தூண்களைப் பேன் செய்யும்போது அவை நேராக நிற்கவேண்டும். எவ்வளவு மெதுவாகத் திருப்புவது? (வாசகர், கும்பகோணம்)

ப: 25 மில்லி நொடி கேமரா, 1920 அகலப் படம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தூண் பிரேமின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 2 நொடி எடுத்தால், நொடிக்கு 960 பிக்சல். 25 மில்லி நொடியில் 24 பிக்சல். முழு உயரத் தூண் ஒரு பாகைக்கும் சற்று அதிகமாகச் சாயும். கட்டடத்தில் அது கண்ணை உறுத்தும். 4 நொடி எடுத்தால் 12 பிக்சல், அரைப் பாகை. 7 நொடி என்றால் 7 பிக்சல், யாரும் கவனிக்கமாட்டார்கள். 25 பிரேமில் பேன் தடதடக்காமல் இருக்க ஒளிப்பதிவாளர்கள் சொல்லும் கணக்கும் இந்த 7 நொடிதான், ஆகவே இரண்டுக்கும் சேர்த்து அதையே பழகிக்கொள்ளுங்கள். மனதில் எண்ணிக்கொண்டு திருப்பினால் போதும்.

லென்ஸை 35-லிருந்து 70-க்கு மாற்றினால் அதே கைவேகத்தில் சாய்வு இரட்டிப்பாகும் என்பதையும் மறக்கவேண்டாம். கோபுரத்தைக் கீழிருந்து மேலாக டில்ட் செய்யும்போது சாய்வு வராது. உயரம் கொஞ்சம் நீளும் அல்லது குறுகும், பெரும்பாலும் தெரியாது.

கே: ஜல்லிக்கட்டில் காளை பாய்வதை மெதுவாகத் தொடர முடியாதே? (வாசகர், மதுரை)

ப: முடியாது. அங்கே கேமராவின் படிக்கும் நேரத்தைத்தான் குறைக்கவேண்டும். 50 பிரேமில் எடுங்கள். ஒரு பிரேமுக்கு 20 மில்லி நொடிதான் உண்டு. அதற்குள் சென்சாரைப் படித்து முடித்தே ஆகவேண்டும். 100 பிரேம் என்றால் 10-க்குள். எந்தக் கேமராவாக இருந்தாலும் இந்த உச்சவரம்பு பொருந்தும். கிராப் முறையில் குறைவான வரிகளைப் படிப்பதால் அங்கும் நேரம் குறையும்.

25 பிரேம் படம்தான் வேண்டுமென்றால், 50 பிரேமில் ஷட்டரை 1/50-இல் வைத்து எடுத்து, எடிட்டிங்கில் ஒன்று விட்டு ஒன்றை நீக்குங்கள். 25 பிரேமில் 1/50 வைத்து எடுத்த அதே அசைவுதான் கிடைக்கும், சாய்வு மட்டும் குறைந்திருக்கும். பல கேமராக்கள் வேகமாகப் படிப்பதற்காக வரிகளைத் தவிர்த்துப் படிக்கும். அதனால் துணி நெசவு, ஓட்டுக் கூரை போன்றவற்றில் மொயரே எனும் பொய்யான அலைக்கோலம் வரலாம். பாயும் காளைக்கு அது பெரிய இழப்பில்லை.

கே: பைக்கில் கேமராவைக் கட்டி எடுத்தால் படம் ஜெல்லி போல நெளிகிறது. ஸ்டெபிலைசேஷன் போட்டும் நிற்கவில்லை. (வாசகர், கோயம்புத்தூர்)

ப: எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 அதிர்வு. 25 மில்லி நொடியில் ஒன்றேகால் அதிர்வு முடிந்துவிடும். அந்த ஒன்றேகால் அலை அப்படியே படத்தின் உயரத்தில் பதிகிறது, அதுதான் நெளிவு. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் கைநடுக்கம் போன்ற மெதுவான அசைவுகளுக்கு உருவானது, இதைப் பிடிக்காது. இப்படிக் கட்டி எடுக்கும்போது அதை அணைத்துவிடுவதே மேல்.

அதிர்வு கேமராவுக்கு வருவதற்கு முன்பே தடுக்கவேண்டும். நீண்ட கை கொண்ட ஒற்றை சக்‌ஷன் மவுண்ட் அதிர்வைப் பெருக்கும். கேமராவை வண்டியின் உடலுக்கு நெருக்கமாக, மூன்று இடத்தில் பிடிமானம் கொடுத்துக் கட்டுங்கள். கேமராவுக்கும் மவுண்டுக்கும் நடுவில் ரப்பர் அல்லது கம்பிச்சுருள் டேம்பர் வையுங்கள். கேமராவோடு எடையைச் சேர்த்தால் டேம்பர் நன்றாக வேலை செய்யும். விழுந்தால் பிடிக்க ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டாயம். காரில் என்றால் எந்த மவுண்டும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்து இரு கையில் பிடிப்பதே பல சமயம் சிறந்தது. உடம்பே அதிர்வை உறிஞ்சிவிடும்.

அகல லென்ஸ் போட்டு நடந்தபடி எடுக்கும்போது மூலைகள் மட்டும் தளும்புவது வேறு கோளாறு. அது சென்சாரை அசைத்து நிலைநிறுத்தும் ஸ்டெபிலைசேஷனால் வருவது. அதை அணைத்துவிட்டு, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலில் எடுத்தால் போய்விடும்.

கே: ரீல்ஸுக்காகக் கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் பேன் செய்யும்போது கட்டடம் சாய்வதில்லை, ஆனால் அகலம் மாறுகிறதே? (வாசகர், திருச்சி)

ப: கேமராவைத் திருப்பினால் வரிகளும் நெட்டுக்குத்தாகிவிடும், சென்சார் பக்கவாட்டில் படிக்கும். படிக்கும் திசையிலேயே நகரும் பொருள் நீளும், எதிர்த்திசையில் நகர்வது ஒடுங்கும். மேலும் கீழும் டில்ட் செய்தால்தான் இப்போது சாய்வு வரும்.

கே: கல்யாண வீடியோவில் போட்டோகிராபரின் பிளாஷ் விழும்போதெல்லாம் பாதிப் படம் மட்டும் வெள்ளையாகிறது. மேடை எல்இடி திரையிலும் பட்டை ஓடுகிறது. (வாசகர், சேலம்)

ப: பிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியோ அதற்கும் குறைவோதான் மின்னும். அந்தக் கணத்தில் ஒளி வாங்கிக்கொண்டிருந்த வரிகள் மட்டும் வெளுக்கும். எடுக்கும்போது இதைத் தடுக்க வழியில்லை. எடிட்டிங்கில் பாதிக்கப்பட்ட ஒன்றிரண்டு பிரேம்களின் இடத்தில், ஒலியைத் தொடாமல், முந்தைய பிரேமையும் அடுத்த பிரேமையும் நகலெடுத்து நிரப்புங்கள். தாலி கட்டும் நேரத்தில் மட்டுமாவது பிளாஷுக்குப் பதில் தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கில் எடுக்க போட்டோகிராபரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது இன்னும் நல்லது.

மின்சார விளக்குப் பட்டைக்கு ஷட்டர் 1/50 அல்லது 1/100. 1/60-உம் 1/125-உம் நம் ஊருக்கு ஆகாது. எல்இடி திரை, டிம்மர் போட்ட அலங்கார விளக்கு இவற்றின் துடிப்புக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. 1/50-க்கோ 1/25-க்கோ இறக்கிப் பாருங்கள், அல்லது டிம்மரை முழு அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் பட்டை மறையும்வரை நகர்த்துங்கள்.

கே: எடுத்து முடித்த படத்தைப் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் சரிசெய்ய முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

ப: ஓரளவு. ரோலிங் ஷட்டர் ரிப்பேர் என்ற எபெக்டில் ஒரு சதவீதம் கேட்கும். ஊகிக்கவேண்டாம், படிக்கும் நேரத்தைப் பிரேமின் நேரத்தால் வகுங்கள். 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லி நொடி; 25 மில்லி நொடி கேமராவுக்கு 62 சதவீதம். கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்திருந்தால் ஸ்கேன் திசையையும் கீழிருந்து மேலாக மாற்றவேண்டும். கேமரா மட்டும் அசைந்த காட்சிக்கு அந்த எபெக்டில் உள்ள வார்ப் என்ற முறை போதும். பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடினால் பிக்சல் மோஷன் என்ற முறை, ஆனால் அது விளிம்புகளைக் கிழிக்கக்கூடும்.

இந்தத் திருத்தம் எப்போதும் முதலில் வரவேண்டும். பெரிதாக்கிய, ஓரம் வெட்டிய, வேகம் மாற்றிய கிளிப்பில் போட்டால் கணக்கு தப்பிவிடும். நடுக்கத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் எபெக்டைப் போடுவதாக இருந்தால் அதற்குள்ளேயே ரோலிங் ஷட்டர் அமைப்பு உண்டு. இரண்டையும் ஒரே கிளிப்பில் அடுக்காதீர்கள்.

கேமராவின் அசைவை அளக்கும் கைரோ தகவலைப் பதிவு செய்யும் சோனி கேமரா வைத்திருந்தால் இலவச மென்பொருளான கைரோஃப்ளோ இதைவிடச் சிறப்பாகச் செய்யும். அங்கும் படிக்கும் நேரத்தை மில்லி நொடியில் கொடுக்கவேண்டும். கேமராவின் அசைவால் வந்த சாய்வை மட்டுமே அது நீக்கும். ஓடும் பஸ்ஸின் சாய்வு அப்படியே இருக்கும்.

கே: குளோபல் ஷட்டர் கேமராவுக்கு மாறிவிடலாமா? (வாசகர், ஈரோடு)

ப: வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி90 2008-இல் வந்தபோதே இந்த நெளிவும் கூடவே வந்தது. முழு அளவு சென்சாரில் எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதியும், அதாவது குளோபல் ஷட்டர் கொண்ட, சோனி ஏ9 III 2023-இல்தான் அறிவிக்கப்பட்டது. பிளாஷ் பாதியாகத் தெரிவதும் அதில் இல்லை. ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250, விலையும் மிக அதிகம். கல்யாணமும் பேட்டியும் எடுப்பவருக்கு அது தேவையில்லை. வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் கேமராவே போதும். விளையாட்டும் வாகனமும்தான் உங்கள் தொழில் என்றால், வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து டியூப்லைட் சோதனையைச் செய்து பாருங்கள். பட்டை விழாமல் படம் முழுதும் ஒன்றாக மங்கி ஒன்றாகத் தெளிந்தால் அது குளோபல் ஷட்டர்.