கடல் உயர்கிறது என்றால் சுவர் கட்டாமல் ஊரை ஏன் நகர்த்தச் சொல்கிறார்கள்? இது மக்களைக் கைவிடுவது இல்லையா?

சில இடங்களில் கைவிடுவதாகத்தான் முடிந்திருக்கிறது. அதை மறைத்துப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சுவர் கட்டிவிட்டால் யாரையும் கைவிடவில்லை என்று நினைப்பதும் தவறு. கடலரிப்புத் தடுப்பு வேலைகளில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நான் பங்கெடுத்த முதல் சுவர் முடிந்த அடுத்த பருவத்திலேயே, சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் கரை மடமடவென்று கரைய ஆரம்பித்தது. கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் அதைக் கரை நெடுகத் தள்ளிக்கொண்டே போகும். ஓரிடத்தில் கல்லைக் கொட்டி மண்ணை அடைத்தால் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் போகாது. சுவருக்கு முன்னால் இருக்கும் மணலும் தப்பாது. மோதித் திரும்பும் அலை அடிவாரத்தைத் தோண்டும், சில ஆண்டுகளில் சுவர் இருக்கும், கடற்கரை இருக்காது. சுவருக்கு அப்பால் இருந்த மக்கள் வந்து "எங்களுக்கு எப்போது கட்டுவீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள் மணலைப் பறித்ததே எங்கள் சுவர்தான் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது அளவுகளைப் பார்க்கலாம். 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் என்று இருந்த வேகம், 2006-க்குப் பிறகு 3.7 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. 2100-க்குள், புகையை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஏறக்குறைய 30 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரலாம் என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணிப்பு. அதோடு நிற்கவும் நிற்காது. ஆக, எந்தச் சுவரைக் கட்டினாலும் ஒருநாள் அதை உயர்த்தியாக வேண்டும். சில இடங்களில் சுவரே பயன்படாது. அமெரிக்காவின் மயாமி நகரத்தின் அடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. கடல் அங்கே சுவரைத் தாண்டி வரத் தேவையில்லை, தரைக்குக் கீழேயே வந்துவிடும்.

சுவரே கூடாது என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கானவர்கள் நெருக்கமாக வாழும் துறைமுக நகரத்தை எழுந்து போகச் சொல்ல முடியாது. ஆனால் சுவர் கட்டுவதில் கைதேர்ந்த நெதர்லாந்தே ஆறுகளின் ஓரம் 30-க்கும் மேற்பட்ட இடங்களில் தண்ணீருக்கு இடம் விட்டது. இங்கிலாந்தின் மெட்மெரியில் 2013-ல் பழைய கடல் அணையை வேண்டுமென்றே உடைத்து, உள்ளே தள்ளி 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் புது அணை எழுப்பினார்கள். நடுவே விட்ட நிலம் இன்று சதுப்பாகி அலையின் வேகத்தைத் தணிக்கிறது.

சரி, நகர்வது என்று முடிவானால் எது நல்ல நகர்வு? யார் முடிவெடுத்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஓக்வுட் பீச் என்று ஒரு குடியிருப்பு. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அதைச் சிதைத்த பிறகு, "எங்கள் வீடுகளை வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் போகிறோம்" என்று அரசிடம் கேட்டது அங்கிருந்தவர்களே. மாநில அரசு புயலுக்கு முந்தைய மதிப்பில் விலை கொடுத்தது. இதற்கு நேர்மாறானது வேல்ஸ் நாட்டின் ஃபேர்போர்ன். 2054 வாக்கில் இந்த ஊரைக் காப்பதை நிறுத்திவிடுவோம் என்று உள்ளூர் நிர்வாகம் திட்டம் போட்டது. பலருக்கு அது செய்தியில் பார்த்துத்தான் தெரிந்தது. தேதியைச் சொன்னார்கள், எங்கே போவது, யார் பணம் தருவது என்று சொல்லவில்லை. உடனே வீட்டு விலை விழுந்தது, வங்கிகள் அடமானக் கடன் தர மறுத்தன. கடல் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் தங்கள் சொத்தின் மதிப்பை இழந்தார்கள். நீங்கள் கேட்ட கைவிடுதல் இதுதான்.

ஃபிஜியின் வுனிடோகோலோவா கிராமம் எனக்கு நம்பிக்கை தருகிற கதை. 2014-ல் ஊர் முழுவதும் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே, மேட்டுக்குப் போனது. போன இடமும் அவர்களுடைய குலத்தின் நிலமே, அதனால் அந்நியர் மண்ணில் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. வீடுகளோடு மீன் குளங்களும் அன்னாசித் தோட்டமும் அமைத்துக் கொடுத்தார்கள். பிழைப்பைப் பற்றி யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்கள் தோற்கும் இடமே இதுதான். மீன்பிடிப்பவருக்குக் கடல் வேலை செய்யும் இடம். படகும் வலையும் கண்ணில் படாத தூரத்தில் அடுக்குமாடி கட்டிச் சாவி கொடுத்தால், பகலில் அவர் பழைய இடத்தில்தான் இருப்பார். கொஞ்ச நாளில் அங்கேயே மறுபடி குடிசையும் போடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் காலம். பனாமாவின் கார்தி சுக்துப் தீவில் வாழ்ந்த குனா பழங்குடி மக்கள் 2010 வாக்கிலேயே தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போவது என்று பேசத் தொடங்கினார்கள். சுமார் 300 குடும்பங்களுக்குப் புது வீடு கிடைத்தது 2024 ஜூனில். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஐல் டி ஜீன் சார்ல்ஸ் என்ற தீவின் மக்களை நகர்த்த 2016-ல் 4.8 கோடி டாலர் ஒதுக்கினார்கள், மக்கள் குடிபோனது 2022-ல். இந்த இடைவெளியில் வீட்டைப் பழுது பார்ப்பதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எதையும் தீர்மானிக்க முடியாமல் குடும்பங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் வெள்ளம் வந்த பிறகு தொடங்கக் கூடாது, கையில் காலம் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்கிறேன். முதல் வேலை மிகச் சுலபமானது: ஆபத்தான கரையில் புதிதாகக் கட்ட அனுமதி கொடுக்காமல் இருப்பது. அதையே பல அரசுகள் செய்வதில்லை. சுவர் எழும்பியதும் "இனி பயமில்லை" என்று அதன் பின்னால் இன்னும் கட்டிடங்கள் முளைக்கின்றன, பிறகு நகர்த்த வேண்டியவர்கள் பல மடங்காகிறார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை வீட்டு உரிமையாளருக்குப் போகிறது. இருபது ஆண்டு அதே வீட்டில் குடியிருந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காலி செய்யச் சொல்லும் கடிதமும் கொஞ்சம் இடமாற்றச் செலவும்தான்.

கடைசியாக, காலியான நிலம் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தெற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டக் கூடாது என்றார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தபோது, பாதுகாப்பு என்ற பேச்சை மீனவர்கள் நம்ப மறுத்தார்கள். நம்பாதது சரிதான். ஓக்வுட் பீச்சில் வாங்கிய மனைகளில் இனி யாரும் கட்டக் கூடாது என்பதே நிபந்தனை. இப்போது அங்கே நாணல் வளர்ந்திருக்கிறது, மான்கள் திரிகின்றன. உங்கள் ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால், அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.